பிளைவீலில் ஒரு மயிர்க்கோடு

எனக்கு இன்னும் கண்ணாடி தேவைப்படவில்லை. வீட்டில் ஊசிக்கு நூல் கோத்துக் கொடுப்பதும் நான்தான். வாக்குமூலத்தில் முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள் சேர், மற்றதெல்லாம் பிறகு.

ஓட்டமாவடியில் என் கராஜுக்கு வரும் நாலு சக்கரக் குவாட் பைக்குகள் மணலில் பந்தயம் ஓடுபவை. எஞ்சினின் இடது மூடிக்குள் பிளைவீல் என்ற கனமான இரும்புச் சக்கரம் சுற்றுகிறது. மேட்டில் பாய்ந்து விழும்போதெல்லாம் அடி வாங்குவது அதுதான். சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சாவிக்கட்டை உட்காரும் வெட்டின் மூலை முதலில் தேயும், பிறகு வெடிக்கும். மண்ணெண்ணெய் பூசித் துடைத்துப் பலகையில் எழுதும் சோக்குத் தூள் தூவினால், வெடிப்புக்குள் தங்கிய எண்ணெய் ஊறிக் கோடாக வெளியே வரும். பார்க்கத் தெரிந்தவனுக்கு அது போதும்.

போன பந்தயத்துக்கு முன் ஷிஹானுடைய பைக்கில் அப்படியொரு கோட்டைக் கண்டு, ஓடவேண்டாம் என்று தடுத்துவிட்டேன். பிறகு அவன் வேறொரு மெக்கானிக்கிடம் காட்ட, அவர் வெறும் கீறல் என்றாராம். கீறலாகவும் இருந்திருக்கலாம். அதுவல்ல விஷயம். வாழைச்சேனைத் தேநீர்க்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி, அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்று கூப்பிடும் ஷிஹான் சொன்னான்.

“காக்காட கண் மங்கிட்டு. இல்லாத வெடிப்பெல்லாம் தெரியுது. இனி நான் கேட்டா மட்டும் சொல்லுங்க காக்கா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

இந்த முறை பந்தயத்துக்கு முன் ஷிஹானுடைய பைக்கின் மூடியைக் கழற்றித் தூள் தூவினேன். வெட்டின் மூலையிலிருந்து விரல் நீளத்துக்குக் கோடு வந்தது. சந்தேகமே இல்லாத வெடிப்பு. உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தூளைத் துடைத்தேன், அதே சக்கரத்தை மாட்டி நட்டை முறைப்படி இறுக்கினேன், எண்ணெய் கசியாமல் மூடிக்குப் புதுப் பெக்கிங் வைத்தேன். என் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது.

பனிச்சங்கேணி மணலில் பந்தயம் தொடங்கும் முன், பைக்குகளுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளை ஓரமாகக் கூப்பிட்டேன்.

“இஞ்சால வாங்க மக்கா, மண் அடிக்கும்.”

அதையும் எழுதுங்கள். நெஞ்சில் ஈரமில்லாதவன் அப்படிச் செய்வானா?

இரண்டாவது மேட்டில் மூடி பிளந்தது. சக்கரத் துண்டு ஷிஹானின் தொடையைக் கிழித்துவிட்டது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்து மௌத்தாகிவிட்டான். இப்போது அந்தத் தேநீர்க்கடையில் போய்க் கேளுங்கள், யாருடைய கண் மங்கியது என்று.

அவன் கேட்கவில்லை, அதனால் நான் சொல்லவில்லை என்றுதான் நேற்றுவரை உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. நான் சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தபோது காத்தான்குடியிலிருந்து வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான்.

“காக்கா, பிளைவீலத் தட்டி அனுப்புங்க, கேப்பம்.”

நல்ல சக்கரத்தைக் கம்பியில் தொங்கவிட்டு ஸ்பானரால் தட்டினால் சத்தம் நீண்டு நிற்கும். வெடித்தது டொக்கென்று அடங்கிவிடும். எங்கள் ஓட்டக்காரர்கள் மெக்கானிக்கின் பேச்சைவிட அந்தச் சத்தத்தைத்தான் நம்புவார்கள். பக்கத்தில் இன்னொரு ஓட்டக்காரனான பஸ்லானுடைய பைக்கின் நல்ல பிளைவீல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிச் சத்தத்தைப் பதிந்து ஷிஹானுக்கு அனுப்பினேன். வாயால் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, சேர்.