பழைய குழியின் தற்போதைய நிலை

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றை காவல் ஆய்வாளர் கேட்டபடி தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்தொன்பது. கால்நடைப் படிப்பில் பட்டயம் பெற்றவள். பண்ணைச் சூழல் பாதுகாப்பு உதவிப் பிரிவில் பதினேழு ஆண்டுகளாக விண்ணப்ப மதிப்பீட்டாளராக வேலை செய்கிறேன். கைக்கு வரும் விண்ணப்பங்களில் பாதியைக் கழித்துவிடுவேன் என்பதால் அலுவலகத்தில் எனக்குக் 'கத்தரிக்கோல்' என்று பெயர். என் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். இந்த வழக்கில் என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். வெளியே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தார்கள், அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன், ஆய்வாளர் சிரித்துவிட்டு எழுதச் சொன்னார்.

என் வேலை என்னவென்றால், மாடும் பன்றியும் வளர்ப்பவர்கள் சாணமும் கழிவுநீரும் ஓடையில் கலக்காமல் தேக்கிவைக்கத் தொட்டி கட்ட உதவி கேட்டு விண்ணப்பம் போடுவார்கள். அதில் பன்னிரண்டு கேள்விகள் உண்டு. ஒவ்வொரு பதிலுக்கும் நான் மதிப்பெண் போட வேண்டும். ஏழாம் கேள்வி 'பழைய கழிவுக் குழியின் தற்போதைய நிலை' என்பது. குழி திறந்து கிடந்தால் மதிப்பெண் கிடையாது, ஆனால் ஒரு வாரத்துக்குள் பாதுகாப்புப் பொறியாளர் நேரில் போய்ப் பார்த்து, வேலி போட்டு, மண் நிரப்ப ஏற்பாடு செய்வார். குழி மூடப்பட்டிருந்தால் பத்து மதிப்பெண், பொறியாளர் போக மாட்டார். இந்த விதியை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. பதினேழு வருடத்தில் நானும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

இந்த வருடம் அறுபத்துமூன்று விண்ணப்பங்கள் வந்தன. என்னோடு வேலை பார்க்கும் பெண் பிரசவ விடுப்பில் போய்விட்டதால் எல்லாவற்றையும் நான் ஒருத்தியே பார்த்தேன். சென்ற மாதம் நான்காம் தேதி காலை பதினொரு மணிக்கு, வழக்கில் சம்பந்தப்பட்ட மாட்டுப்பண்ணைக்கு இடம் பார்க்கப் போனேன். அன்றைக்கு அது மூன்றாவது பண்ணை. முப்பத்தெட்டுக் கறவை மாடுகள், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, கொட்டகைக்குப் பின்னால் சரிவு, சரிவின் அடியில் ஓடை. பண்ணைக்காரர் தீவனம் வாங்கப் போயிருந்தார். அவர் மனைவி மட்டும் இருந்தார். வயது நாற்பதுக்குள் இருக்கும். முழங்கை வரை தவிட்டுத் தண்ணீரோடு வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எனக்கு நாற்காலி போட்டார்.

விண்ணப்பம் உருண்டை உருண்டையான எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. இவ்வளவு சுத்தமான விண்ணப்பம் எனக்கு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும், அதனால் யார் எழுதியது என்று கேட்டேன். "நான்தான் மேடம். அவருக்கு எழுத்துன்னாலே காய்ச்சல் வந்துடும். கையெழுத்து மட்டும் போடுவாரு, அதுவும் பின்னாலயே பேனாவைத் தூக்கிக்கிட்டு அலையணும்" என்றார். நான் சிரித்தேன். நான் வேலை நேரத்தில் சிரிக்கிற ஆள் இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு கேள்வியாகச் சரிபார்த்து வந்தபோது ஏழாம் கேள்விக்கு மட்டும் விடை எழுதாமல் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, அதற்கு என்ன வார்த்தை போடுவது என்று தெரியவில்லை, தப்பாக எழுதி விண்ணப்பம் கெட்டுவிடக் கூடாதென்று விட்டுவைத்தேன் என்றார். பழைய குழி என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது எப்பவோ மூடிக்கிச்சு மேடம். ரெண்டு வருஷமா நாங்க அதுல ஒண்ணும் கொட்டுறதில்ல" என்று சொல்லிக் கொட்டகைக்குப் பின்னால் கையைக் காட்டினார். நான் நாற்காலியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தேன். சரிவுக்கு மேலே தட்டையாக ஓர் இடம், அது முழுக்கப் பச்சைப் புல். மண் போட்டு மூடிய இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்போ மூடப்பட்டதுன்னு எழுதுங்க" என்றேன். அவர் பேனாவை எடுத்தார், ஆனால் உடனே எழுதவில்லை. "மூடிக்கிச்சுன்னுதானே மேடம் நான் சொன்னேன், அதுக்கும் இதுதானா?" என்று கேட்டார். "எல்லாம் ஒண்ணுதாம்மா. ஆபீஸ்ல இப்படித்தான் எழுதணும்" என்றேன். அவர் எழுதினார். எழுதிவிட்டு, "வாங்க மேடம், ஒரு எட்டு கிட்டப் போய்ப் பாத்துடலாம்" என்று எழுந்து நின்றார். அன்றைக்கு நான் ரப்பர் பூட்ஸை அலுவலகத்திலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். காலில் போட்டிருந்தது நல்ல செருப்பு. "வேண்டாம்மா, செருப்பு பாழாயிடும், எனக்கு இன்னும் ரெண்டு இடம் போகணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். 'எல்லாம் ஒண்ணுதாம்மா' என்றதையும் செருப்பைப் பற்றிச் சொன்னதையும் நான் சொன்னது சொன்னபடியே எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

'மூடிக்கிச்சு', 'மூடப்பட்டது' என்ற இரண்டு சொல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். ஆள் வைத்து மண் அடித்து நிரப்பினால் 'மூடியாச்சு' என்பார்கள். 'மூடிக்கிச்சு' என்றால் யாரும் எதுவும் செய்யவில்லை, அதுவாக மூடிக்கொண்டது என்று பொருள். காய்ச்சிய பாலில் ஆடை கட்டுவது போல, சாணக் குழியைத் தொடாமல் விட்டால் மேலே காய்ந்து கெட்டியாகிவிடும். அதன்மேல் புல்கூட முளைக்கும். பார்க்கிறவருக்குத் தரை போலத்தான் இருக்கும், ஆனால் அடியில் வருடக்கணக்கில் சேறு சேறாகவே கிடக்கும், விஷக் காற்றும் கிடக்கும். அந்தப் பெண் சரியான சொல்லைத்தான் சொன்னார். உள்ளே வரைக்கும் காய்ந்துபோயிருக்கும் என்று அவர் நம்பியிருக்கிறார், அவ்வளவுதான். அது காயாது என்பது எனக்குத் தெரியும், எனக்கு அதைப் பாடமாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 'மூடப்பட்டது' என்பது எங்கள் அலுவலகச் சொல். யார் மூடினார், எதைப் போட்டு மூடினார் என்று அந்தச் சொல் கேட்காது. நானும் கேட்கவில்லை.

அதன் பிறகு அலுவலகம் திரும்பி ஏழாம் கேள்விக்குப் பத்து மதிப்பெண் போட்டேன். 'நேரில் பார்வையிடப்பட்டது' என்ற கட்டத்திலும் டிக் செய்தேன். மொத்தப் பட்டியலில் அந்தப் பண்ணை இரண்டாவதாக வந்தது. கத்தரிக்கோல் கையிலிருந்து எண்பத்தாறு மதிப்பெண்ணா என்று கணக்குப் பிரிவில் கேலி செய்தார்கள். எனக்கே அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

சென்ற மாதம் இருபத்தேழாம் தேதி காலை பத்தரை மணி அளவில், எங்கள் பகுதிக்கு வரும் மாட்டு டாக்டர் எனக்குப் போன் செய்தார். அந்தப் பண்ணையில் இருபது நாள் கன்றுக்குட்டி ஒன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பழைய குழிமேல் போய் நின்றுவிட்டதாகவும், பண்ணைக்காரர் பால் ஊற்றப் போயிருந்த நேரம் என்பதால் அவர் மனைவி தனியாக அதைப் பிடிக்கப் போனதாகவும், பாதி தூரத்தில் குழியின் மேல்பரப்பு பொத்துக்கொண்டு அவர் உள்ளே விழுந்துவிட்டதாகவும் சொன்னார். கன்றுக்குட்டி கனம் குறைவு. அதைத் தாங்கிய படலம் அவரைத் தாங்கவில்லை. பக்கத்து வயலில் இருந்தவர்கள் கயிறு கொண்டுவந்து வெளியே எடுக்க நாற்பது நிமிடம் ஆகியிருக்கிறது. "கன்னுக்குட்டிக்கு ஒண்ணும் இல்ல மேடம்" என்று டாக்டர் சொன்னார். அவருக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்தான் அதைச் சொன்னார், ஆனால் நான் போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு விண்ணப்பக் கட்டை எடுத்து ஏழாம் கேள்வியைப் பார்த்தேன். பார்த்த உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அதற்கு முன்பே உதவி வழங்கும் கடிதம் தபாலில் போய்விட்டது. அது அவர்கள் வீட்டுக்குச் சேர்ந்தது அடக்கம் முடிந்த மறுநாள். அதில் 'பழைய குழி ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டதால் அது தொடர்பான பாதுகாப்புப் பணி எதுவும் தேவையில்லை' என்று ஒரு வரி உண்டு. அந்த வரியை எழுதியதும் நான்தான்.

அதன் பிறகு, இறந்த பெண்ணின் அண்ணன், உதவி கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பண்ணைக்காரர் பொய் எழுதிக் குழியைத் திறந்து போட்டுத் தன் தங்கையைக் கொன்றுவிட்டதாகப் புகார் கொடுத்தார் என்றும், பண்ணைக்காரரை இரண்டு நாள் இங்கே வைத்து விசாரித்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். நான் பிரிவுத் தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "நீங்க எதுக்கு வாயைக் குடுத்து மாட்டிக்கிறீங்க? பேப்பர்ல அந்தாளு கையெழுத்து இருக்கு. பேப்பர் பேசட்டும்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது என்பதையும் நினைவுபடுத்தினார். வீட்டில் என் கணவரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். நான் ஆறு நாள் சும்மா இருந்தேன். அந்த ஆறு நாளும் அலுவலகம் போனேன், சாப்பிட்டேன், இன்னும் பதினோரு விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போட்டேன். வெட்கமாக இருக்கிறது.

இந்த மாதம் ஏழாம் தேதி மதியம் பண்ணைக்குப் போனேன். குழியைச் சுற்றிக் காவல்துறை கட்டிய நாடா இருந்தது. பண்ணைக்காரர் தனியாகப் பால் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐந்து நாளாகச் சவரம் செய்யாத முகம். நான் யாரென்று சொன்னதும் அதே நாற்காலியைத் தூக்கிப் போட்டார். நான் உட்காரவில்லை. படிவத்தை அவர் மனைவி எழுதியதாகப் போலீசில் சொன்னாரா என்று கேட்டேன்.

"இல்ல மேடம். எல்லாம் நானே எழுதினேன்னு சொல்லிட்டேன். அவ எழுதினான்னு சொன்னா, தப்பா எழுதித் தானே போய் விழுந்தான்னு பேசுவாங்க. செத்தும் அவளுக்கு ஒரு பேச்சு வேணாம்."

உங்களுக்குத் தண்டனை ஆகலாமே, பள்ளிக்கூடம் படிக்கிற மகள் இருக்கிறாளே என்றேன். மகளை அக்கா வீட்டில் விட்டுவிடுவதாகச் சொன்னார். அந்த உருண்டை எழுத்தை அவரால் ஒரு வரிகூட எழுதிக் காட்ட முடியாது, அது அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கேனைக் கழுவிக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கு அவளுக்கு ஒரே சந்தோஷம் மேடம். ஒரு எழுத்துகூட அடிக்கல, பூரா அப்படியே ஒத்துக்கிட்டாங்கன்னு ரெண்டு நாள் சொல்லிக்கிட்டே திரிஞ்சா" என்றார்.

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அந்தச் சொல்லை எழுதச் சொன்னது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

திறந்த குழி என்று தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். பூஜ்யம் போட்டிருப்பேன். அந்தப் பண்ணைக்கு எழுபத்தாறு மதிப்பெண் ஆகியிருக்கும், அப்போதும் பட்டியலில் வந்திருக்கும். பதினொன்றாம் தேதிக்குள் பொறியாளர் போய் வேலி போட்டிருப்பார். என்னுடைய தவறால் அவர் போகவில்லை. அந்தப் பெண் போனது இருபத்தேழாம் தேதி. பொய் சொல்லிப் பெறுவதற்கு அவர்களுக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. பண்ணைக்காரர் எதையும் எழுதவில்லை, எதையும் மறைக்கவில்லை. அவர் மனைவி என்னிடம் உண்மையைச் சொன்னார், எழுதும் முன் மறுபடியும் கேட்டார், கூடவே வந்து பார்க்கவும் கூப்பிட்டார்.

மேலே உள்ளதை எழுத்தர் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். அதில் ஓரிடத்தில் 'இறந்தவரின் தவறான புரிதலால்' என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. எழுத்தர் கை பழக்கத்தில் எழுதிவிட்டதாகச் சொன்னார். அதை அடித்துவிட்டு 'என்னுடைய தவறால்' என்று எழுதச் சொன்னேன். அடித்த இடத்தில் ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றவை யாவும் நான் சொன்னபடியே, என் அறிவுக்கு எட்டியவரை உண்மையாக உள்ளன.

(ஒப்பம்)
விண்ணப்ப மதிப்பீட்டாளர்