மோகனராஜ் சேரின் வெள்ளிக்கிழமை அழைப்பு

மேடையிலிருக்கும் பெரியோர்களே, மோகனராஜ் சேரின் துணைவியார் அவர்களே, கூடியிருக்கும் நண்பர்களே! இதை இவ்வளவு இரவாகி எழுதுவதற்கு மன்னியுங்கள். மகளுக்குக் காய்ச்சல், நாளை சேரின் அஞ்சலிக் கூட்டத்துக்கு நான் நேரில் வர முடியாது. ஜெஸீமாவாகிய என் வார்த்தைகளை அலுவலகத் தோழி பிரேமிளா வாசிப்பார்.

டெங்கு அடுத்து எங்கே பரவும் என்று கணிக்கும் மென்பொருளைக் கண்டிப் பகுதிக்காக எழுதியவர் எங்கள் மோகனராஜ் சேர். ஆஸ்பத்திரிகளின் நோயாளர் எண்ணிக்கையும் மழையளவும் அதற்குள் போகும். வரைபடத்தில் சிவக்கும் ஊருக்குப் புகையடிக்கும் குழு போகும். அதனால் பிழைத்த பிள்ளைகள் எத்தனை பேர்! யாருக்குத் தெரியும்?

ஆனால் அவருக்கு எண்ணிக்கை வெறும் எண்ணிக்கையா? போன வருடம் கட்டுகஸ்தோட்டையில், எங்கள் வீட்டில், என் மகளுக்கு டெங்கு. மறுநாளே அழைத்தார்: "கட்டுகஸ்தோட்டையில ஒண்ணு கூடியிருக்கே தங்கச்சி, அந்த ஒண்ணு கஞ்சி குடிச்சிச்சா?" அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தோறும் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கோ அழைப்பு எடுப்பார். "சரிங்க... எத்தனை லயத்துலங்க காய்ச்சல்?" என்று தொழிலாளர் வீட்டு வரிசைகளைக் கணக்குக் கேட்பார். பிறகு அந்த ஊரின் எண்ணிக்கையைத் தன் கையால் கூட்டிப் போடுவார்.

"இது ஆஸ்பத்திரிக் கணக்குல இல்லையே சேர்?" என்றேன் ஒருநாள்.

"ஆஸ்பத்திரிக்கு வந்த காய்ச்சல்தாம்மா மெஷினுக்குத் தெரியும். ஒரு நாள் சம்பளம் போயிடும்னு காய்ச்சலோட கொழுந்தெடுக்கப் போறவங்கள யாரு எண்ணுறது?"

அழைப்பது யாரை என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? சேர் எப்போதும் இருப்பார் என்று நினைத்துவிட்டேன்.

இந்த வாரம், அவர் இல்லாத முதல் வெள்ளிக்கிழமை. மென்பொருளை நானே ஓட்டினேன். ஹேவாஹெட்ட பச்சை! மறுபடி ஓட்டினேன். மறுபடியும் பச்சை. காய்ச்சல் இல்லாததால் பச்சையா? கேட்பதற்கு ஆள் இல்லாததால் பச்சையா? போன வார எண்ணிக்கையையே போடலாமா? அது பிழையாகிப்போனால், வரைபடத்தில் சிவந்திருக்கும் திகனவுக்குப் போக வேண்டிய குழுவை வீணே திருப்பிவிட்டவள் ஆவேனே! சேரின் கைபேசி பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்க வீட்டாருக்கும் தெரியவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒன்று மட்டும் உறுதி கூறுகிறேன், சேர். இனி வெள்ளிக்கிழமை அழைப்பை நான் எடுப்பேன். பிள்ளை மடியில் கிடந்தாலும் எடுப்பேன்.

ஆனால் யாருக்கு எடுப்பது? அவருடன் பேசிய அந்த மனிதர் இந்த மண்டபத்தில் ஒரு கதிரையில் அமர்ந்திருக்கலாம். உங்களில் ஒருவர் அவரை அறிந்திருக்கலாம். குழு திங்கட்கிழமை காலை புறப்படுகிறது. என் தொலைபேசி இலக்கம் பிரேமிளாவிடம் இருக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.