சுத்தமான குழல்

வெந்நீர் ஊற்றிக் கழுவாமல் எந்தத் துப்பாக்கியையும் நான் திருப்பிக் கொடுத்ததில்லை, இன்ஸ்பெக்டர். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அதனால்தான் காரைக்காலில் என்னைச் சொல்தா, பிரெஞ்சுச் சிப்பாய், என்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் எந்தத் துப்பாக்கி பழுதானாலும் என் பட்டறைக்குத்தான் வரும்.

தெட்சிணாமூர்த்தியைச் சுட்டதற்கு நான் வருத்தப்படவில்லை. இந்தியாவோடு சேர வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசியது அவர் பாடு. ஆனால் கோட்டுச்சேரிக் கூட்டத்தில் என் மெடலைக் காட்டி, "வெள்ளைக்காரன் நாய்க்குக் கழுத்துப் பட்டை" என்றார். கூட்டம் சிரித்தது. அன்று ராத்திரியே சுட்டேன். ஆள் பிழைத்துக்கொண்டார், ஒரு கைதான் போயிற்று.

சுட்டது நெரவி தங்கையனின் துப்பாக்கியால். வயலில் உள்ளான் குருவி சுடுகிற நாட்டுத் துப்பாக்கி, குதிரை சரியில்லை என்று என்னிடம் விட்டிருந்தான். மறுநாள் காலையில் கழுவி, எண்ணெய் போட்டு, அவன் பெண்டாட்டி பெரியநாயகியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மதியமே போலீஸ் ஊர்த் துப்பாக்கிகளை எல்லாம் அள்ளி வந்தது. எந்தத் துப்பாக்கியால் சுட்டது என்று கண்டுபிடிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

சுட்ட இடத்தில் கிடந்த தக்கையை என்னிடம் தந்தார்கள். மருந்து சிந்தாமலிருக்கக் குழலுக்குள் இடித்து வைக்கிற மரத்துண்டு அது. தங்கையன் துப்பாக்கியின் வாயில் ஒரு நெளிசல் உண்டு. தக்கையில் அதே அளவுக்குக் கீறல். வேறொன்றைக் காட்டியிருக்கலாம். மனசு வரவில்லை. தொழிலில் நான் பொய் சொல்வதில்லை.

கோர்ட்டில் கூண்டிலிருந்து தங்கையன், "துப்பாக்கி உங்ககிட்டதானே இருந்துச்சு, சொல்லுங்கண்ணே" என்றான். சுட்ட நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே கொடுத்துவிட்டேன் என்றேன். அது தேதியைப் பற்றிய பேச்சு, துப்பாக்கியைப் பற்றியதல்ல. பெரியநாயகி இல்லையென்று சாதித்தாள். பெண்டாட்டி சாட்சி எடுபடவில்லை, மெடல் எடுபட்டது.

வெளியே வந்து, "எங்க மேல என்னண்ணே பகை?" என்று கேட்டாள். பகை ஒன்றுமில்லை. அன்றைக்குக் கைக்கு அகப்பட்டது அந்தத் துப்பாக்கி, அவ்வளவுதான்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது, நீங்கள் வந்தீர்கள். சுட்ட துப்பாக்கியில் கரி ஏன் இல்லை, நெரவியில் எவன் வெந்நீரில் கழுவுகிறான் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. தங்கையன் ஜெயிலில் சாகும் முன்னால் யாராவது கேட்டிருக்கலாம்.

கையெழுத்துப் போடுகிறேன். சுட்டது நான்தான். ஆனால் பொய்ச் சாட்சி சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை அடித்துவிடுங்கள். துப்பாக்கியை நான் சரியாகத்தான் காட்டினேன்.