கை இறங்கும் வரை

படம் மங்கலாக வந்தால் பெரும்பாலும் அது போனின் குற்றம் இல்லை. லென்ஸில் விரல் பட்டிருக்கும், பையிலிருந்த தூசி ஒட்டியிருக்கும். மெல்லிய பருத்தித் துணியால் ஒரு முறை துடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். என் சேனலில் முதல் வீடியோவே இதைப் பற்றியதுதான்.

அன்று சாயங்காலம் வயலுக்குக் கிளம்பும் முன் என் மனைவி இசைவாணி வீட்டில் செய்த கடைசிக் காரியமும் அதுதான். என் கையிலிருந்து போனை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் தொடைங்க தொடைங்கன்னு பாடம் எடுக்குறீங்க. உங்க லென்ஸப் பாருங்க, காலையில தின்ன சட்னி இருக்கு."

"அது சட்னி இல்ல. ஸ்க்ரீன் கார்டு ஒட்டுன பசை."

"தேங்கா வாசம் அடிக்கிற பசையா?"

முந்தானையால் துடைத்துக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

இன்ஸ்பெக்டர் இர்ஃபானா மேடம், இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். டிராக்டர் விபத்தில் மனைவியை இழந்தவன் என்று நீங்கள் என்னிடம் கனிவாக நடந்துகொண்டீர்கள். டீ வாங்கிக் கொடுத்தீர்கள். அந்த வீடியோவை இனிமேல் பார்க்காதீர்கள் அன்பரசன் என்று சொன்னீர்கள். டிரைவர் முருகையன் மீது வழக்குப் போட்டீர்கள். ஜாமீனில் வந்தவர் தினமும் காலை பத்து மணிக்கு உங்கள் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு எங்கள் தெரு வழியாகத்தான் திரும்புகிறார். என் வீட்டு வாசலில் மட்டும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார். இரண்டு மாதமாகப் பார்க்கிறேன். நான் கொடுத்த வாக்குமூலத்தில் சில இடங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது.

செல்போனில் நல்ல படம் எடுப்பது எப்படி என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது தேவையாக இருந்தது. மழையில் சாய்ந்த பயிரைப் படம் எடுத்து நிவாரணத்துக்கு அனுப்பினால் எல்லாம் ஒரே பச்சையாக இருக்கிறது, என்ன சேதம் என்று தெரியவில்லை என அதிகாரிகள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வரப்பில் எங்கே நிற்பது, வெளிச்சத்தை எப்படிக் குறைப்பது என்று நான் சொன்னேன். ஆனால் நான் பேசினால் யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. வாணி பேசினால் பார்த்தார்கள். தப்பாகச் சொன்னாலும் அவளே சிரித்துவிட்டுத் திருத்திச் சொல்வாள். அக்கா எங்கே, அக்கா ஏன் இந்த வாரம் வரவில்லை என்றுதான் வீடியோவுக்குக் கீழே கமெண்ட்டில் கேட்பார்கள். என் பெயர் பலருக்குத் தெரியாது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. இதைப் பலமுறை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்டில் அவளுக்கு வேலைக்கான உத்தரவு வந்தது. திருத்துறைப்பூண்டியில் அரசு அலுவலகம். மூன்றாவது முறையாகப் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். திங்கட்கிழமை சேர வேண்டும். கூட வேலை பார்க்கப்போகும் ஒரு பெண்ணோடு அங்கேயே தங்கிக்கொண்டு, வாரத்துக்கு ஒரு தடவை வருவதாக ஏற்பாடு.

"வேலையில சேந்துட்டா கேமரா முன்னாடியெல்லாம் நிக்க முடியாதுங்க. சனிக்கிழமை ஒண்ணு எடுத்துக்குவோம். அதோட சரி. நல்லா எடுங்க, கடைசி வீடியோ."

கடைசி வீடியோ என்று சொன்னது அவள்தான்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான். வாணியின் அப்பா வைரக்கண்ணு மாமா, தான் கூலிக்கு நாற்று நட்ட வயலையே பிற்பாடு விலைக்கு வாங்கியவர். அதில் அன்று சம்பாவுக்குச் சேற்றுழவு நடந்துகொண்டிருந்தது. டிராக்டருக்கு டயரைக் கழற்றிவிட்டு கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டியிருந்தார்கள். அது சுழலும்போது சேறு விசிறி போல எழும்பும். சுற்றிலும் கொக்குகள். வாணி நடுவில் நின்று பேச, பின்னால் டிராக்டர் வர, கொக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் அவளைச் சுற்றி எழும்ப வேண்டும். அதுதான் நான் நினைத்த காட்சி.

சூரியன் எடுப்பவரின் முதுகில் இருக்க வேண்டும் என்பது முதல் பாடம். அதனால் மேற்கு வரப்பில் ஸ்டாண்டை நட்டேன். வாணி என்னைப் பார்த்து நின்றாள். டிராக்டர் அவள் முதுகுப்பக்கம், கிழக்கிலிருந்து வரும். சத்தத்தில் குரல் கேட்காது என்பதால் ஒரு சைகை வைத்துக்கொண்டோம். என் கை மேலே இருக்கும் வரை அவள் நிற்க வேண்டும். இறக்கினால் பக்கத்து வரப்பில் ஏறிக்கொள்ள வேண்டும். வெயிலுக்கு எதிரே என் முகம் தெரியவில்லை, கை மட்டும் கறுப்பாகத் தெரிகிறது என்றாள். அது போதும் என்றேன்.

முருகையன் முன்கூட்டியே சொன்னார். அதை நான் உங்களிடம் சொல்லவில்லை.

"தம்பி, நான் திரும்பி கலப்பையத்தான் பாத்துக்கிட்டு வருவேன். மூஞ்சியில வெயிலு வேற அடிக்குது. பாப்பாவ நீங்க பாத்துக்குங்க."

"அண்ணே, சேலையில சேத்த அடிச்சீங்க, வீடியோவுல பேரச் சொல்லித் திட்டுவேன்" என்றாள் வாணி.

"திட்டும்மா. அப்பவாவது நாலு பேருக்கு என் பேரு தெரியட்டும்."

முதல் தடவை டிராக்டர் இருபதடி தூரத்தில் இருக்கும்போது கையை இறக்கினேன். அவள் நாலு எட்டில் வரப்பேறிவிட்டாள். கொக்கு ஒன்றுகூட எழும்பவில்லை. இரண்டாவது தடவை பன்னிரண்டு அடி இருக்கும். ஐந்தாறு எழும்பின. கிட்டத்தில் வந்தால்தான் மொத்தமும் எழும்பும் என்று தெரிந்தது.

ஒவ்வொரு தடவையும் அவளை அதே இடத்தில்தான் நிற்க வைத்தேன். ஃபோகஸை அங்கே பூட்டியிருந்தேன், நகர்ந்தால் முகம் கலங்கிவிடும். மிதித்த சேற்றையே மறுபடி மிதித்ததால், முதலில் கணுக்கால் வரை இருந்தது மூன்றாம் தடவை முழங்காலுக்கு ஏறிவிட்டது.

"காலு உள்ள போகுதுங்க. இது போதாதா?"

"ஒரே ஒரு தடவை. கையப் பாரு, போதும்."

அவள் தலையாட்டினாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். டிராக்டர் திரும்பியது. கையைத் தூக்கினேன். அவள் பேச ஆரம்பித்தாள்.

அகன்ற லென்ஸில் எடுத்தால் பின்னால் இருக்கும் பொருள் இருப்பதைவிடத் தூரமாகத் தெரியும், ஸ்க்ரீனைப் பார்த்து ஏமாந்துவிட்டேன் என்று உங்களிடம் சொன்னேன். லென்ஸைப் பற்றிச் சொன்னது உண்மை. நீங்களே உங்கள் போனில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றீர்கள். ஆனால் நான் ஸ்க்ரீனைப் பார்க்கவில்லை. ஃபோகஸைப் பூட்டிய பிறகு ஸ்க்ரீனைப் பார்க்காதீர்கள், கண்ணால் ஆளைப் பாருங்கள் என்று சொல்லிக்கொடுப்பவன் நான். ஸ்டாண்டுக்கு இடது பக்கம் நின்றுகொண்டு நேராகப் பார்த்தேன். பன்னிரண்டு அடி தெரிந்தது. எட்டு அடி தெரிந்தது. சேற்றில் முழங்கால் வரை இருக்கும் ஒருத்தி காலை உருவி வரப்புக்கு வர எவ்வளவு நேரமாகும் என்றும் தெரிந்தது. நானும் வயலில் வளர்ந்தவன்.

கொக்குகளுக்காகக் காத்திருந்தேன் என்றுதான் இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கொக்குகள் எழும்பின. நான் நினைத்ததைவிட நன்றாகவே எழும்பின. அப்போதும் நேரம் இருந்தது. அதிகமில்லை, இருந்தது. அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். முதுகில் சத்தம் எவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. கையைப் பாரு என்று நான் சொல்லியிருந்ததால் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் நான் திங்கட்கிழமையை நினைத்தேன். கையை இறக்கினால் வரப்பேறி, வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு, திங்கட்கிழமை பஸ் ஏறிவிடுவாள். வேறு எதுவும் நினைக்கவில்லை. கோபம் இல்லை. எங்களுக்குள் சண்டையும் இல்லை. வைரக்கண்ணு மாமா இன்றைக்கும் வீட்டுக்கு வந்து, "கடைசி வரைக்கும் எம் புள்ள கூட நீங்கதானே தம்பி நின்னீங்க" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். நான் அவருக்குச் சோறு போட்டுக் கொடுக்கிறேன்.

பதினாறாம் நாள் கழிந்ததும், இணையத்தில் தானாகச் சேமிப்பாகியிருந்த பிரதியிலிருந்து ஒரு துண்டை அஞ்சலியாகச் சேனலில் போட்டேன். கொக்குகள் எழும்பும் இடத்தோடு நிறுத்திவிட்டேன். நிறத்தைக் கொஞ்சம் சூடாக்கினேன். நான் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். யார் எடுத்தது என்று முதல்முறையாகக் கேட்டிருந்தார்கள். போடும் முன் படத்தின் இடது ஓரத்தைச் சிறிது வெட்டினேன். ஏன் வெட்டினேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதுகில் சூரியனை வைத்துக்கொண்டு எடுப்பவர் குந்தி உட்கார்ந்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சொந்த நிழல் படத்துக்குள் விழுந்துவிடும். இதுவும் என் பாடம்தான். அன்று கை தெரிய வேண்டும் என்பதற்காக நின்றுகொண்டிருந்தேன்.

அசல் வீடியோ உங்களிடம் இருக்கும் என் போனில் இருக்கிறது. ஸ்டேஷனில் நாலு தடவை போட்டுப் பார்த்தீர்கள். ஸ்க்ரீன் நிறையப் பெரிதாக்கிப் பார்த்ததால் ஓரங்கள் வெட்டுப்பட்டுவிட்டன. இரண்டு விரலால் சுருக்கிவிட்டு மறுபடி பாருங்கள். கீழே, இடது மூலையில், சேற்றின் மேல் என் நிழல் இருக்கிறது. வாணியைப் பார்க்காமல் அதை மட்டும் பாருங்கள். டிராக்டர் கிட்டத்தில் வரும்போதும், கொக்குகள் எழும்பும்போதும், முருகையன் கத்தி பிரேக் போடும்போதும், அதற்குப் பிறகு சேறு அடங்கும் வரையிலும் பாருங்கள். முப்பத்து நான்கு வினாடி ஓடுகிறது.

கை மேலேதான் இருக்கிறது.