காயாத பிலிம்

மழைக்காலத்தில் பிலிம் காய நேரமாகும் சார். வீட்டில் துணி காயாதது போலத்தான்.

வல்லம் வடகாலில் எங்கள் கம்பெனி அழுத்தக் காற்றை அடைத்துவைக்கும் தொட்டிகள் செய்கிறது. வெல்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே பிலிமில் பார்ப்பது என் வேலை. இருட்டறையில் கழுவி, காயவைத்து, விளக்குக்கு எதிரே பிடிப்பேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதைத்தான் செய்கிறேன்.

ஷீபாவும் அவள் இயக்கும் டிஜிட்டல் எக்ஸ்ரே கருவியும் ஒன்றாக வந்தார்கள். படம் உடனே திரையில் தெரியும். ஒரு மாதம் இரண்டு விதமாகவும் படம் எடுப்பது, திரை போதுமென்றால் இருட்டறையை மூடுவது என்று மேனேஜர் பரசுராமன் முடிவு செய்தார். எனக்கு பேக்கிங்கில் இடம் தருவதாகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மாதம் முடியப்போனது. திரை எதையும் தவறவிடவில்லை. நான் அதை மறுக்கவில்லை.

அப்போதுதான் ஒரு தொட்டியின் பிலிமில், வெல்டு ஓரத்தில், தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. ஷீபா கதவைத் தட்டினாள்.

"லீலாக்கா, ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரில. ஆனா ஓரத்துல இன்னாவோ நிழல் மாதிரி கீது. உங்க பிலிம் இன்னா சொல்லுது?"

"இன்னும் காயலடி."

"அது காயறதுக்குள்ள எனக்கு ரெண்டு புள்ள பொறந்துடும்." சிரித்தாள். "டெஸ்டுக்கு அவசரப்படுத்துறாங்கக்கா. ஓகே குடுத்துடவா?"

"உன் மிஷின் சொல்றதக் குடு."

பிலிம் என் கையில் காய்ந்துதான் இருந்தது.

தண்ணீர் நிரப்பிச் சோதித்தால் விரிசல் கசியும், அவ்வளவுதான். அப்படி நினைத்தேன் என்றுதான் போன முறை விசாரணையில் உங்களிடம் சொன்னேன். ஆனால் அவசரமென்றால் காற்றை ஏற்றிச் சோதிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். காற்றென்றால் வெடிக்கும். கம்ப்ரசர் ஓடுவது என் அறைக்குக் கேட்டது. ஷீபா தொட்டி அருகில் நிற்பாள் என்பதும் தெரியும். பிலிமை உறையில் போட்டுவிட்டு, பிலிம் கழுவும் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வெடித்த பிறகு அந்தப் பிலிமைக் கொண்டுபோய் மேனேஜரிடம் காட்டினேன். இப்போதுதான் காய்ந்தது என்றேன்.

அடக்கத்தன்று ஷீபாவின் அம்மா அருள்மேரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மிஷின் எம்பொண்ண முழுங்கிடுச்சுமா" என்று அழுதார். ஆமாம் என்றேன்.

இப்போது எல்லாத் தொட்டிக்கும் பிலிம்தான். இன்னொரு இருட்டறை கட்டுகிறார்கள். இனி எத்தனை பேர் தப்பிப்பார்கள், யோசித்துப் பாருங்கள். எனக்கு ஷீபா மேல் கோபமே கிடையாது சார். கடைசியில் அவளும் என் பிலிமை நம்பித்தானே வந்தாள்.