முதல் ஞாயிற்று ஓலை

— எழும்பினீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க அத்தை.

— செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ள வா அம்மணி. வெயில்ல வந்திருக்கறே.

— சர்ச்சுல என் சிநேகிதி லின்சி சொன்னப்ப நான் நம்பல. எங்க அத்தை இந்நேரம் அன்னூர்ல மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருப்பாங்க, கோயமுத்தூர்ல நம்ம சர்ச்சுக்கு எதுக்கு வரப்போறாங்கன்னு அவகிட்டச் சண்டை போட்டேன். அரக்குப் பட்டுச் சேலைன்னா. அதுக்கும் நம்பல. வெளிய வந்தா படிக்கிட்ட இது கெடந்துச்சு. இந்தாங்க.

— ஐயோ, எடுத்துட்டு வந்துட்டயா? வார் அறுந்த செருப்பு.

— நான் தெச்சுக் கொடுத்த வார். எனக்குத் தெரியாதா? வெறுங்காலோடவா பஸ் ஏறினீங்க?

— மோர் குடிக்கிறயா?

— வேண்டாங்க.

— நீ ஏழு மணி பஸ்ஸுக்குப் போனே. நான் அடுத்த பஸ்ஸுக்கு வந்தேன்.

— எழும்பினீங்களா?

— எந்திரிச்சேன்.

— எத்தனை பேர் இருந்தாங்க?

— நெறையாப் பேரு கண்ணு. முன்னால ஒரு புள்ளை பொட்டி வாசிச்சுது. நல்லா வாசிச்சுது.

— அத்தை.

— சொல்லு.

— ஓலை வாசிக்கறதுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?

— கல்யாணத்தைச் சபையில சொல்றது. நீதானே சொன்னே.

— மூணு ஞாயிறு சொல்லுவாங்க. கெசியாவுக்கும் ஜெப்ரிக்கும் கல்யாணம்னு பேரை வாசிச்சுட்டு, யாருக்காவது சொல்ல ஏதாவது இருந்தா எழும்பிச் சொல்லுங்கன்னு ஆயர் கேப்பாரு. முறைக்குக் கேக்கறது. யாரும் எழும்பமாட்டாங்க. எழும்பினா அது ஆட்சேபணை. கல்யாணத்தை நிறுத்தணும்னு அர்த்தம்.

— சும்மா உக்காந்திருந்தா?

— சம்மதம்னு அர்த்தம்.

— அப்படியா. உக்காரு மொதல்ல.

— எனக்கு நினைவு தெரிஞ்சு எங்க சர்ச்சுல ஒருத்தரும் எழும்பினதில்ல. ஜெப்ரியோட அம்மா பெருந்துறையில இருந்து இதுக்குன்னே வந்திருந்தாங்க. அழுதுட்டாங்களாம்.

— நீ எங்க இருந்தே? முன் வரிசை வரைக்கும் எட்டி எட்டிப் பார்த்தேன்.

— பின்னால ஹால்ல, சண்டே ஸ்கூல் பசங்களோட. ஓலை வாசிக்கிற அன்னைக்குப் பொண்ணு உள்ள உக்காரமாட்டா. கூச்சம்.

— ஓகோ.

— ஆயர் என்ன சொன்னாரு உங்ககிட்ட?

— கண்ணாடியைக் கழட்டிப்போட்டுப் பார்த்தாரு. அம்மா உக்காருங்க, ஆராதனை முடிஞ்சு உள் ரூமுக்கு வாங்க, அங்க பேசிக்கலாம்னாரு. சனம் பூராத் திரும்பிப் பார்த்துச்சு. என்னமோ தப்பு நடந்துபோச்சுன்னு மட்டும் தெரிஞ்சுது. வெளிய வந்துட்டேன்.

— மூணு மாசமாக் கேட்டேனே அத்தை. ஜெப்ரியைப் பிடிக்கலைன்னா சொல்லுங்க, வேண்டாம்னுடறேன்னு.

— அந்தப் பையனைப் பிடிக்கலைன்னு யாரு சொன்னா? இங்க வந்தப்ப கன்னுக்குட்டி கிட்ட வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டானே, பயத்துல. எனக்கு அன்னைக்கே பிடிச்சுப்போச்சு.

— பின்ன எதுக்கு எழும்பினீங்க?

— தண்ணியாச்சும் குடி.

— செய் கண்ணுன்னு வீட்டுல சொல்லிட்டு, அங்க வந்து நிறுத்துவீங்களா? மனோஜ் என்னை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கட்டினப்ப மூணு வருசம் கதவைத் திறக்கல நீங்க. அப்பக்கூட எதையும் ஒளிச்சுச் செய்யல. நேருக்கு நேரா வெறுத்தீங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

— மெச்சறயா, வையறயா?

— தெரியல.

— அன்னைக்கு நான் வந்திருக்கோணும்.

— எங்க?

— ரிஜிஸ்டர் ஆபீசுக்கு. உனக்காக அங்க யாரு பேசுனாங்க?

— யாரும் பேசல. ரெண்டு சிநேகிதங்க கையெழுத்துப் போட்டாங்க. எங்க அப்பாவும் வரலையே.

— எனக்கு என்ர பெரியப்பன் பேசுனாரு. கோபாலசாமின்னு பேரு. எங்க பக்கம் நிச்சயத்துல நாலு பேரு முன்னால கேப்பாங்க. பொண்ணூட்டுல ஒரு பெரியவங்க எந்திரிச்சுப் பதில் சொல்லோணும். அந்த மனுசனுக்குத் திக்குவாய். ஊரே அவரு வாயைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. நான் உள்ள, மூச்சுப் புடிச்சுக்கிட்டு.

— சபையில பேசறது உங்க குடும்பத்துக்கே ஆகாது போல.

— அவரு சொல்லிப்போட்டாரு அம்மணி. நேரமாச்சு, ஆனாச் சொல்லிப்போட்டாரு.

— இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

— நெனப்பு வந்துச்சு. என்ர ஒரே மகன். கல்யாணம்னா எங்களுக்கு மொதல்ல உப்பு வாங்கோணும், ஊட்டுப் பொம்பள கையால. அப்பறந்தான் துணிமணி எல்லாம். நான் வாங்கல. ஊட்டுல இருந்த உப்புத் தீந்துபோச்சு, மறுக்காக் கடையில உப்புன்னு கேக்க வாய் வரல. உன்ர மாமன் இருவது நாளு உப்பில்லாத கொழம்பைத் தின்னாரு. என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல மனுசன்.

— மாமா எப்பவும் அப்படித்தான்.

— கண்ணை மூடற வரைக்கும் அப்படித்தான்.

— மனோஜும் போயி ஆறு வருசம் ஆச்சு. நான் வேலை பாக்கற காலேஜ் பக்கத்துலயே ரூம் எடுத்துக்கோன்னு எல்லாரும் சொன்னாங்க. தினமும் பஸ் ஏறி இங்கதான் வந்தேன். நீங்க ஸ்டாப்புல நிப்பீங்க.

— மாட்டைப் புடிக்க வந்திருப்பேன்.

— ஆறு வருசமுமா மாடு ரோட்டுக்கே போச்சு?

— அது ஒரு கேடு கெட்ட மாடு.

— எனக்குப் பயமா இருக்கு அத்தை. பழைய ஏற்பாட்டுல அன்புன்னா என்னன்னு பைபிள் காலேஜ்ல பதினோரு வருசமாப் பாடம் எடுக்கறேன். அந்த எபிரேயக்காரங்களுக்கு அன்புங்கறது நெஞ்சுல பொங்கறது மட்டும் இல்ல. கையும் காலும் செய்யறது. போனா யாரும் குத்தம் சொல்லமாட்டாங்கங்கற இடத்துல போகாம நிக்கறது. வருசா வருசம் போர்டுல எழுதிப் போடுவேன். இந்த வெள்ளிக்கிழமை பாதியில கை நின்னுபோச்சு.

— ஏன்?

— நான் போறவ.

— பெருந்துறை என்ன சீமையிலயா இருக்குது?

— விளையாடாதீங்க. கூட வந்துருங்கன்னா அதுக்கும் மாட்டேங்கறீங்க.

— வந்து? புதுசாக் கட்டிக்கிட்ட ரெண்டு பேருக்கு நடுவுல பாயைப் போட்டுப் படுத்துக்கோணுமா?

— பைபிள்ல வர்ற அந்தக் கதையை உங்களுக்குச் சொன்னது நான்தானே. பஞ்சத்துக்குப் பொழைக்கப் போன ஊர்ல புருசனையும் ரெண்டு மகன்களையும் பறிகொடுத்த மாமியார். அம்மா வீட்டுக்குப் போயிருன்னு எவ்வளவு சொல்லியும் போகாம, கூடவே நடந்து வந்த மருமக. சோளம் உதுத்துட்டே கேட்டீங்க. அழுதீங்க.

— கண்ணுல தூசி.

— அப்படியே முந்தானையால மூக்கையும் தொடச்சீங்க.

— மூக்குலயும் தூசி.

— அந்தப் புள்ளை மாதிரி நான் இருப்பேன்னு நம்பிட்டீங்க. அதான் எழும்பினீங்க. எனக்குப் புரியுது. புரியறதாலதான் இவ்வளவு கோவம் வருது.

— நீ பாதிக் கதைதான் சொன்னே.

— என்னது?

— மீதியை நானே படிச்சேன். நீ காலேஜுக்குப் போன பொறவு உன்ர புஸ்தகத்தை எடுத்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி. எட்டு நாளாச்சு. நடுவுல ரெண்டு வார்த்தை புரியல, பால்காரப் புவனாகிட்டக் கேட்டேன். என்னக்கா வேதத்துல சேந்துட்டீங்களான்னா. வேலையைப் பாருடீன்னேன்.

— எது வரைக்கும் படிச்சீங்க?

— பூராத்தையும். அந்த மாமியாக்காரி கெட்டிக்காரி. மருமக கதிர் பொறுக்கற காட்டுக்காரன் நல்லவன்னு தெரிஞ்சதும், அவனுக்கே அவளைக் கட்டி வெக்க என்ன செய்யறா? குளி, எண்ணெய் பூசு, நல்ல துணியை உடுத்து, அவன் படுத்திருக்கற களத்துக்குப் போங்கறா. ராத்திரியில! எங்கூர்ல ஒரு மாமியா அப்படிச் சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் சேத்து ஊரை உட்டே தாட்டியிருப்பாங்க.

— அத்தை...

— சிரிக்காத. நெசமாத்தான். மொதல்ல எனக்குக் கோவமா வந்துச்சு. பொறவு அந்த எடத்தையே நாலு தடவை படிச்சேன். இதை ஏன் எனக்குச் சொல்லல நீ?

— வேணும்னேதான் விட்டேன்.

— ஏன்?

— சொன்னா, நான் போறதுக்கு வழி கேக்கறேன்னு நினைப்பீங்கன்னு. அப்ப ஜெப்ரி யாருன்னே எனக்குத் தெரியாது. ஆனாலும் சொல்ல வாய் வரல.

— ம்.

— என்ன ம்?

— எனக்கு அவன் சத்தம் மறந்துபோச்சு கண்ணு.

— மனோஜ் சத்தமா?

— மூஞ்சி இருக்குது. சத்தம் போயிருச்சு. நீ பொழுதோட வந்து படியில நின்னு அத்தைன்னு கூப்படறயா, அடுத்தாப்புல அம்மான்னு அவனும் கூப்படற மாதிரி இருக்கும். கூப்பட மாட்டான். ஆனா அந்தச் சித்தே நேரம், இருக்கற மாதிரியே இருக்கும். அது ஒண்ணுதான் எனக்கு.

— எனக்கும் இருக்கும் அத்தை. படியில கால் வைக்கறப்ப.

— இருக்குமா?

— தினமும்.

— கல்யாணத்தை நிறுத்திப்போட்டா நீ என்ன செய்வே?

— இங்கயே இருப்பேன்.

— என்ர மேல கோவமில்லாம?

— ஒரு மாசம் கோவம் இருக்கும். அப்புறம் போயிரும்.

— பொழுதோட பஸ்ஸுக்கு வருவே.

— வருவேன்.

— நான் சீக்குல உழுந்தா?

— நான்தான் பார்ப்பேன். வேற யாரு இருக்கா?

— அதுக்கு நான் என்ன செய்யோணும்?

— ஒண்ணும் செய்ய வேண்டாம். இப்படியே உக்காந்திருங்க, போதும். ஆயருக்குப் போன் பண்ணி, எங்க அத்தைக்குச் சம்மதம் இல்லைங்க, அடுத்த ஞாயிறு வாசிக்க வேண்டாம்னு சொல்லிடறேன். என்னைக் கட்டிக்கொடுக்க அப்பா அம்மா உசுரோட இல்ல. இருக்கறது நீங்க ஒருத்தர். உங்களை அழ வச்சுட்டு நான் போயி எந்த வீட்டுல விளக்கேத்த?

— நல்லாருக்குது கண்ணு.

— எது?

— இங்கயே இருப்பேன்னயே, அது. இன்னொருக்காச் சொல்லு.

— இங்கயே இருப்பேன்.

— ம்.

— போன் பண்ணட்டுங்களா?

— மோராச்சும் குடிச்சுப்போட்டு...

— அத்தை? ரிங் போகுது.

— நிறுத்து. அந்த ஒயர்க் கூடையை இங்க எடு.

— இப்ப எதுக்கு?

— எடுன்னா. உள்ள என்ன இருக்குது பாரு.

— கல்லுப்பு. வீட்டுல ரெண்டு பாக்கெட் கிடக்கே, மறுபடி எதுக்கு இது? எங்க வாங்கினீங்க?

— உங்க சர்ச்சுக்கு எதுத்த கடையில. உள்ள போறதுக்கு முன்னால.

— அத்தை...

— அவரு உன்ர பேரை வாசிச்சாரு. சொல்றதுன்னா எழும்பிச் சொல்லுங்கன்னாரு. அத்தனை சனம், ஒருத்தரு எந்திரிக்கல. அடப் பாவமே, இந்தப் புள்ளைக்குப் பேச ஒரு ஆளுகூட இல்லைன்னு நெனச்சுப்போடுவாங்களேன்னுதான் கண்ணு நான் எந்திரிச்சேன், எங்களுக்குச் சம்மதமுங்கன்னு சொல்றதுக்கு.