இரட்டை முடிச்சு என்னுடையது

உங்கள் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் தொங்குகிறது, ஐயா. ஊசியும் நூலும் கிடைத்தால் பேசிக்கொண்டே தைத்துக் கொடுத்துவிடுவேன். சும்மா உட்கார்ந்தால் எனக்குக் கை நமநமக்கும்.

அந்த மூன்று வாரமும் கை சும்மாவே இல்லை. அப்பா அம்மாவைப் பார்க்கப் போய் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே கிடையாது. போன அன்றே மின்விசிறியைத் துடைத்தேன், அலமாரியைக் கவிழ்த்துக் கொட்டி அடுக்கினேன், பாத்திரங்களை முகம் தெரியத் தேய்த்தேன். அப்பா பின்னாலேயே வந்து, "இவ வேலை செய்யறாளா, வீட்டக் காலி பண்றாளா?" என்று அம்மாவிடம் கேட்டார். காலி பண்ணத்தான் வந்திருக்கிறேன் என்றேன். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

என் வீட்டில் அவர்களுக்கென்று ஓர் அறை தயாராக இருக்கிறது. நாலு வருடமாகக் கூப்பிடுகிறேன். அம்மாவிடம் ஒரே பதில்தான். "கைகால் ஓடுற வரைக்கும் நாங்க இங்கயே இருந்துக்கறோம்டி." நியாயமான பேச்சு. கை ஒன்று, கால் ஒன்று. புரியாததற்கு அதில் என்ன இருக்கிறது.

முதலில் கை. அம்மா நாற்பது வருடம் துணி தைத்தவள். துணி கிழிந்தாலும் அவள் தையல் பிரியாது என்று பேர். நான் பிரித்தேன். அவள் குளிக்கப் போனதும், தைத்து வைத்திருந்த தலையணை உறையில் நாலு தையலை உருவி, கோணலாகப் போட்டு வைப்பேன். அவள் வந்து பார்ப்பாள், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பாள். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிடும். சின்ன வயதில் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்போது வருமே, அந்தச் சிரிப்பு. பத்தாம் நாள், "என் கை போச்சுடி" என்று ஊசிப் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு அழுதாள். கட்டிக்கொண்டேன். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்து கால். அப்பாவிடம் இருப்பது மூன்று பேன்ட். மூன்றிலும் வலப்பக்க மடிப்பை மட்டும் பிரித்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் அங்குலம் இறக்கித் தைத்தேன். காலுக்குக் கால் அங்குலம், ஐயா. நடக்கும்போது தடுக்கும். அவர் பேன்ட்டைப் பார்க்காமல் காலைப் பார்ப்பார்.

"வலது கால் இழுக்குதும்மா. வாதமா இருக்குமோ?"

"வயசாச்சுல்லப்பா. என் வீட்டுக்கு வந்துடுங்க, அங்க படியே கிடையாது."

"யோசிக்கிறேன்."

நாலு வருடத்தில் முதல் தடவையாக யோசிக்கிறேன் என்றார். நான் சமையலறைக்குப் போய், கரண்டியும் கையுமாக ஒரு சுற்று ஆடிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுத்துவர அப்பாவை அனுப்பினேன். படி தனக்கு ஒத்துவராது என்று அவருக்கே தெரியட்டும் என்றுதான். கணுக்கால் பிசகும் என்று நினைத்தேன். உருண்டது பதினான்கு படி. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நான் நன்றாக அழுதேன். அழும்போதே, என் வீட்டு அறையில் ஒரு கட்டிலை எடுத்துவிட்டால் அம்மாவுக்குத் தாராளமாக இருக்கும் என்று தோன்றியது. மனசு லேசாகிவிட்டது.

பேன்ட்டின் ஒரு கால் நீளமாக இருந்ததை நர்ஸ் ஒருத்தி கவனித்திருக்கிறாள். அதனால்தான் அது இப்போது இந்த ஸ்டேஷனில் உங்கள் மேஜைமேல் இருக்கிறது. தைத்தது தானேதான் என்று அம்மா எழுதிக் கொடுத்துவிட்டாளாம். "என் பொண்ணு ஊசியத் தொட்டதே இல்ல" என்றாளாம். மடிப்பைத் திருப்பிப் பாருங்கள். நூல் முடிகிற இடத்தில் இரட்டை முடிச்சு. அம்மா ஒற்றை முடிச்சுக்காரி. "ஒரு முடிச்சு நிக்கும்னு நம்பிக்கை இல்லயாடி?" என்று எட்டு வயதில் என் விரலிலேயே அடித்தவள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த முடிச்சை நெருடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள் என்று நீங்களே சொன்னீர்கள்.

தான் போடாத தையலைத் தான் போட்டதாகச் சொல்கிறாள். மகளுக்குத் தைக்கத் தெரியும் என்பதே மறந்துவிட்டது. இந்த அளவுக்கு நினைவு தப்பியவளைத் தனியாக விடலாமா, நீங்களே சொல்லுங்கள். நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டும், ஐயா. அம்மாவை இன்றைக்கே என் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும்.